பையன்களும் வயசுக்கு வருகிறார்கள்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் அந்த வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். போடிக்கும் சங்கரன்கோவிலுக்கும் கயத்தாறுக்கும் சேதி போகும். தாய்மாமன் சீர்த்தட்டோடு மலையேறி வருவார். தென்னை ஓலை கிடைக்காத மலையில், கிடைத்த பச்சைக் கிளைகளை வெட்டிக் குச்சு கட்டுவார்கள். குழாய் ஸ்பீக்கரில் இரண்டு நாள் பாட்டு ஓடும்.

1979-ல் என் அக்காவுக்குச் சடங்கு வைத்தபோது நான் சின்னப் பையன். மூணாறுக்கு மேலே, குண்டளைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் எங்கள் லயம். உளுந்தங்களி கிண்டும் வாசம், நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் குடிக்கச் சொல்லி அக்காவை மல்லுக்கட்டிய அத்தை, மூலையில் புதுப்பாயில் உட்கார்ந்திருந்த அக்கா எல்லாம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அவளுக்கு இது ஏன் நடக்கிறது என்று அன்றைக்கு யாரும் விளக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவளே சொன்னாள். ஊருக்கெல்லாம் சொல்லி அழைத்ததில் அவளுக்குக் கூச்சம்தான் மிச்சம். ஆனாலும் ஒன்று உண்டு. அந்த நாட்களில் அவள் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி எப்போதும் இருந்தாள். துணி எப்படி வைப்பது, வயிறு வலித்தால் என்ன செய்வது என்பதையாவது காதோடு சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்து என் முறை வந்தது. அப்போது என் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை.

லயத்து வீடு எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு சின்ன வராண்டா, அப்புறம் ஒரே ஒரு அறை, பின்னால் விறகடுப்பு வைத்த சமையல்கட்டு. அந்த ஓர் அறைக்குள் அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. மார்கழி, தை மாதங்களில் புல் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். ஒரு கம்பளிக்குள் இரண்டு பேர் முடங்கிக் கிடப்போம். குளிப்பது பொதுப் பைப்படியில். அப்பா கவாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். இருவரும் ஏழரை மணிக்குக் காட்டில் இருக்க வேண்டும். இருட்டோடு எழுந்து, இருட்டில் வந்து படுக்கும் வாழ்க்கை. அந்த வீட்டில் ஒரு பையன் தன் உடம்பைத் தனியாய்ப் பார்த்துக்கொள்ள ஒரு மூலை கிடையாது. உடம்பில் ஒன்று புதிதாய்த் தெரிந்தால் கேட்பதற்கு ஆளும் கிடையாது. அப்பா என்னிடம் அன்பில்லாதவர் அல்ல. போனஸ் பணத்தில் முதல் ஸ்வெட்டர் எனக்குத்தான் எடுப்பார். ஆனால் அவருடைய அப்பா அவரிடம் இதைப் பேசியிருக்கவில்லை. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

முதலில் குரல் போனது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையை நான்தான் பாடுவேன். ஒரு நாள் பாட்டின் நடுவில் தொண்டை பிளந்து இரண்டு குரலாய் வந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் வேறொரு பையன் பாடினான். அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அடுத்து வந்தது.

இடது மார்புக் காம்புக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. தொட்டால் வலி. விறகுக் கட்டை நெஞ்சில் அணைத்துத் தூக்கும்போது உயிர் போகும். கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. எங்கள் லயத்தில் ஓர் அம்மா மார்பில் கட்டி வந்து இறந்து வருஷம் ஆகியிருக்கவில்லை. நானும் சாகப்போகிறேன் என்று ஒரு நாள் நினைப்பேன். பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறேன் என்று மறுநாள் நினைப்பேன். இரண்டில் எது மேல் என்று கேட்டால் சாவே மேல் என்று சொல்லியிருப்பேன். அந்த வயசின் பயம் அப்படிப்பட்டது. பைப்படியில் குளிப்பதை விட்டேன். வெயில் அடிக்கும் மத்தியானத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கால்பந்து ஆடப் போவதை நிறுத்தினேன். அம்மா கேட்டதற்கு, குளிருது என்றேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் நாகர்கோவில் பக்கத்துக் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். நடுத்தர வயசு, வெள்ளைச் சட்டை, காதோரம் நரை. சனிக்கிழமை இருமல் என்று பொய் சொல்லிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“என்னடே, இருமலா?”

“ஆமாங்கய்யா.”

“சட்டையத் தூக்கு, பாப்போம்.”

நான் தூக்கவில்லை. ஸ்வெட்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய், வெளியே பெஞ்சில் இருந்தவர்களிடம் “கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “எங்க வலிக்குது?” என்றார். நெஞ்சைக் காட்டினேன்.

அவர் ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். “ஒரு பக்கந்தானா? எத்தன மாசமா?” என்று கேட்டார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: “இது சீக்கு இல்லடே. உனக்கு வயசு வருது. அவ்வளவுதான்.”

மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பி, பென்சிலால் ஒரு தலை வரைந்தார். அதற்குள் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து கீழே ஒரு கோடு. “மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. உன் வயசுல அது முழிச்சுக்கிடும். அங்க இருந்து ஒரு சுரப்பு ரத்தத்துல கலந்து கீழ விரைக்குப் போகும். அங்க ஆம்பளச் சுரப்பு ஊறும். மீச, குரல், உயரம், தோள் எல்லாம் அதால வாறது. பொம்பளச் சுரப்புன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுவும் ஆம்பள உடம்புல கொஞ்சம் உண்டு. தொடக்கத்துல கொஞ்ச நாளைக்கு அது தூக்கலா நிக்கும். அதான் இந்தக் கட்டி. ஒரு வருசம், ரெண்டு வருசத்துல தானா வத்திரும். அமுக்காத. யாரும் எதையும் போட்டுத் தேய்க்கச் சொன்னா தேய்க்காத.”

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவனுக்காக அவரே தொடர்ந்தார். “ராத்திரி தூக்கத்துல துணி நனஞ்சாலும் பயப்படாத. அதுவும் இதுல சேர்ந்ததுதான். ரத்தம் போறதில்ல, சத்து போறதில்ல. துவச்சுப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போ.”

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்தபோது மாட்டுப்பெட்டிப் பக்கம் மூடுபனி விலகி மலை தெரிந்தது. அடுத்த நாள் பந்து விளையாடப் போனேன். கட்டி மறுவருஷம் தானாகவே கரைந்தது.

அறிவியல் ஆசிரியனாகப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, அந்தக் கம்பவுண்டர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை என்று சொல்ல முடிகிறது. வளரும் பையன்களில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ மார்பில் இப்படிக் கட்டி வருகிறது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருஷத்துக்குள் மறைகிறது. அதற்கு மேலும் இருந்தாலோ மிகவும் பெரிதானாலோ டாக்டரிடம் காட்டினால் போதும். பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 வயசுக்கும் 14 வயசுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். முதல் அடையாளம் குரலும் இல்லை, மீசையும் இல்லை, விரைகள் பெரிதாவதுதான். பிறகு அந்தரங்க முடி, பிறகு ஆணுறுப்பின் வளர்ச்சி. 13, 14 வயசையொட்டி உயரம் ஒரே வருஷத்தில் 9 சென்டிமீட்டர் வரை எகிறும். தொண்டையில் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் இறங்கும். மீசையும் தாடியும் கடைசியில் வருகிறவை. ஒருவனுக்கு 11-ல் வருவது இன்னொருவனுக்கு 14-ல் வரலாம். இரண்டும் சரிதான். 9 வயசுக்கு முன்பே தொடங்கினாலோ 14 வயசாகியும் தொடங்காவிட்டாலோதான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு பாடவேளையில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நான் படித்த காலத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் ஆசிரியர் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் தள்ளிவிட்டு, “இத வீட்ல படிச்சுக்கங்க” என்றார். நாற்பது பேர் படித்த வகுப்பில் மின்விளக்கில் தனியாய் உட்கார்ந்து படிக்க வீடு இருந்தவர்கள் யாரும் இல்லை. பெண் பிள்ளைகள் தலை குனிந்துகொண்டார்கள். பையன்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் எத்தனை பேர் என்னைப் போல் பயந்துபோய் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

வீடும் பள்ளியும் சொல்லாததைச் சொல்ல ஒருவர் காத்திருந்தார். மலை இறங்கிப் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் சுவரெங்கும் அவருடைய நோட்டீஸ். “வாலிபர்களே, கவலை வேண்டாம்” என்று தொடங்கும். நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, கண் குழி விழுதல், தூக்கத்தில் விந்து வெளியேறுதல் என்று வரிசையாய்ப் பட்டியல். மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன அறை எண். என்னோடு படித்த ஒருவன் எட்டாம் வகுப்போடு நின்று எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலைக்குப் போனான். அவன் தன் முதல் போனஸை அப்படியே கொண்டுபோய் அந்த லாட்ஜ் அறையில் கொடுத்தான். லேகியம் ஒரு டப்பா, பொட்டலம் ஒரு கட்டு. “ஒரு சொட்டு விந்து நாப்பது சொட்டு ரத்தம்ல. எனக்கு ஏற்கனவே பாதி ரத்தம் போயிருச்சாம்” என்று என்னிடம் சொன்னபோது அவன் உதடு நடுங்கியது. நல்ல வாட்டசாட்டமான பையன். தனக்கு ஆண்மை போய்விட்டது என்று நம்பிக் கல்யாணத்தைப் பல வருஷம் தள்ளிப்போட்டான். கம்பவுண்டர் எனக்குச் சும்மா சொன்ன ஒரு வாக்கியம் அவனுக்குக் கிடைத்திருந்தால் அந்த வருஷங்கள் அவனுக்கு மிஞ்சியிருக்கும்.

அந்தப் பயத்தின் வேரைப் பின்னால் தேடிப் படித்தேன். நம் சித்த மருத்துவம் உடம்பை ஏழு தாதுக்களாய்ச் சொல்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம். ஒன்றிலிருந்து ஒன்று விளைகிறது என்பது பழைய காலத்து உடலறிவு. சுக்கிலம் கடைசியில் வருவதால் அது விலை மதிப்பில்லாதது, வெளியேறினால் உயிரே கரையும் என்று அதைக் கடைச்சரக்காக்கியவர்கள் வியாபாரிகள். இதில் அகப்பட்டது நம் ஊர் மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்து டாக்டர் டிசோ 1760-ல் வெளியிட்ட புத்தகம் ஐரோப்பாவையே இதே பயத்தில் நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தது. இந்திய இளைஞர்கள் இந்தப் பயத்தாலேயே சோர்ந்து, தூக்கம் கெட்டு, உடம்பு இளைத்து மருத்துவமனைக்கு வருவதைக் கவனித்த மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக், 1960-ல் அதற்குத் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். நோய் பயத்தில் இருக்கிறது, விந்தில் இல்லை என்பதே அதன் சாரம். விந்து பெரும்பாலும் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் ஊறவைக்கும் நீர்தான். உடம்பு அதை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்துக்கும் அதற்கும் அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. சுய இன்பத்தால் கண் குழியாது, நரம்பு தளராது, பிள்ளைப்பேறு கெடாது. ஆண்மையைப் பெருக்குவதாய்ச் சொல்லும் விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு எழுபது வயசு தாண்டிய பிறகும் நோட்டீஸ்கள் ஓயவில்லை.

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் விஜய் டிவியில் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சி வந்தது. மனநல மருத்துவர் மாத்ருபூதம், நேயர்களின் கேள்விகளுக்குச் சாதாரணத் தமிழில், நெளியாமல் பதில் சொன்னார். கேபிள் இணைப்பு வந்திருந்த வீடுகளில் பெரியவர்கள் சேனலை மாற்றினார்கள். பிள்ளைகள் எப்படியோ பார்த்தார்கள். தமிழில் இதைக் கண்ணியமாகப் பேச முடியும் என்பதை எனக்குக் காட்டிய இரண்டாவது ஆள் அவர். அப்போது நான் இதே மலையில் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராகிவிட்டிருந்தேன். பாடத்தைத் தள்ளிவிடக்கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

அதற்கு அரசும் ஒரு முயற்சி எடுத்தது. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2005-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தன. 2007-க்குள் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் உட்படப் பல மாநிலங்கள் அது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று நிறுத்தி வைத்தன. படங்கள் ஆபாசம் என்றார்கள். சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நூல், பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி, பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை என்று சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். விஷயம் தெரிந்த பையன் அடங்கிப் பேசுகிறான். தெரியாதவன்தான் பின்வரிசையில் கூச்சல் போடுகிறான்.

பையன்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அட்டைப் பெட்டி ஒன்றில் துளை போட்டு வகுப்பில் வைத்தேன். பெயர் எழுத வேண்டாம், கேள்வி மட்டும் எழுதிப் போடுங்கள் என்றேன். நோட்டிலிருந்து கிழித்த துண்டுகள், சில தீப்பெட்டி அளவுக்கு மடித்தவை. “எனக்கு ஒரு விரை கீழே எறங்கி இருக்கு. ஆப்ரேஷன் பண்ணணுமா?” “எல்லாருக்கும் மீசை வந்துருச்சு, எனக்கு மட்டும் வரல. நான் ஆம்பளதானா?” “மூஞ்சில பரு வந்தா கெட்ட நெனப்புன்னு பாட்டி சொல்லுது. நெசமா?” “எங்க அக்காவுக்கு வயிறு வலின்னு மாசாமாசம் படுத்துக்கிறா. நான் என்ன செய்யணும்?”

ஒவ்வொன்றுக்கும் கரும்பலகையின் முன்னால் நின்று பதில் சொன்னேன். பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு விரை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும். அது நோய் இல்லை. ஒரு விரை பையில் இறங்காமலே இருந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும். பரு வருவது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் வேலை செய்வதால்; நினைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முகத்தைத் தண்ணீரில் கழுவு, கிள்ளாதே. தினமும் அந்தரங்கப் பகுதியைக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொள். இந்தக் குளிரில் குளிப்பு தள்ளிப்போனாலும் அதைத் தள்ளிப்போடாதே. ஈர உள்ளாடையை மறைத்து மூலையில் காயப்போடாதே, வெயிலில் போடு. அக்காவுக்கு வெந்நீர் வைத்துக் கொடு. அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை நீ தூக்கு.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் தனியாக எடுத்து நீண்ட நேரம் பேசுவேன். பையன்களுக்கு அவர்கள் உடம்பைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிப் பாடம்தான். பக்கத்து பெஞ்சில் இருக்கும் பெண்ணின் உடம்பிலும் இதே வயசில் மாற்றம் நடக்கிறது, அது கேலிக்குரியது இல்லை, அவள் சம்மதம் இல்லாமல் தொடவோ படம் எடுக்கவோ உனக்கு உரிமை இல்லை என்பதும் அதே பாடத்தில் வர வேண்டும். உன்னை ஒரு பெரியவர் தவறாகத் தொட்டாலும் அது உன் குற்றம் இல்லை, வந்து சொல் என்பதும் வர வேண்டும். 2012-ல் வந்த போக்சோ சட்டம் பையன்களுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்புத் தருகிறது. பல பையன்களுக்கு இது தெரியாது.

பெட்டியில் விழாத ஒரு கேள்வியின் விலையையும் நான் பார்த்திருக்கிறேன். மேல் எஸ்டேட்டிலிருந்து வந்து படித்த ஒரு பையனுக்கு ஒரு நாள் இரவில் திடீரென்று விரையில் தாங்க முடியாத வலி. வீட்டில் வயிற்று வலி என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடிய விடியப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மறுநாள் வீங்கிப்போய் நடக்க முடியாமல் ஆனபோதுதான் உண்மையைச் சொன்னான். ஜீப் பிடித்து மலை இறக்கிக் கொண்டுபோனார்கள். ஒரு விரையை எடுக்க வேண்டியதாயிற்று. இது விரை முறுக்கிக்கொள்வது. விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் திருகி அடைபடுவதால் வருவது. வளரும் பையன்களுக்கு அதிகம் வரும். வலி தொடங்கி சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போகக் கை நழுவும். அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான், அவனுக்குக் குழந்தைகளும் உண்டு. ஒரு விரை போதும். ஆனால் செண்டுவரை, எல்லப்பட்டி போன்ற இடங்களிலிருந்து மூணாறு டவுனுக்கு வருவதற்கே வளைந்து வளைந்து நேரம் ஓடிவிடுகிற இந்த மலையில், வெட்கம் தின்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. அன்றிலிருந்து எந்த வகுப்பானாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அங்கே திடீரென்று வலித்தால் அந்த நிமிஷமே சொல். நடு ராத்திரியானாலும் எழுப்பிச் சொல்.

பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பு வரும் என்று சக ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். கொழுந்துக் காட்டிலிருந்து நேரே வந்தவர்கள், விரலில் தேயிலைக் கறை போகாதவர்கள். 2015 செப்டம்பரில் போனஸுக்காக மூணாறு ரோட்டில் உட்கார்ந்து, பெரிய பெரிய சங்கங்களைத் தள்ளிவிட்டுத் தாங்களே பேசிய ‘பெண்கள் ஒற்றுமை’ப் போராட்டத்தில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. நான் வகுப்பில் சொல்லப்போவதை மறைக்காமல் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். “எம் மகனுக்கு அப்பா இல்ல சார். குரல் மாறி நிக்கிறான். எங்கிட்டப் பேசவே மாட்டேங்கிறான். நான் பொம்பள, என்னத்தச் சொல்றது? நீங்க சொல்லுங்க சார். நல்லா வெளங்குற மாதிரி சொல்லுங்க.” அதற்கு மேல் அங்கே ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

இத்தனை வருஷத்தில் நிலைமை மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற வளரிளம் பருவ நலத் திட்டம், 10 முதல் 19 வயசு வரையுள்ள பெண்களையும் பையன்களையும் ஒருசேரக் கணக்கில் எடுத்தது. தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவத்துக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இன்னும் சின்ன வயசிலேயே தொடங்க வேண்டும் என்றது. பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் திட்டங்கள் வந்தன, அவர்களிடம் பேச நர்ஸ்கள் வருகிறார்கள். இவை எல்லாம் வர வேண்டியவையே. ஆனால் நர்ஸ் பேச வரும் அன்று பையன்களைக் கிரவுண்டுக்கு அனுப்பிவிடுகிற வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் போகவில்லை.

கிரவுண்டுக்குப் போன பையன் கையில் இப்போது போன் இருக்கிறது. எங்கள் காலத்து லாட்ஜ் நோட்டீஸ் இப்போது வீடியோவாக அவன் உள்ளங்கைக்கே வருகிறது. லேகியத்துக்குப் பதில் காப்ஸ்யூல், அறை எண்ணுக்குப் பதில் வாட்ஸ்அப் எண். ஆபாசப் படங்களில் பார்ப்பதையே உடம்பின் அளவென்றும் ஆண்மையின் அளவென்றும் எடுத்துக்கொண்டு, தன்னை அதோடு ஒப்பிட்டு நொந்துபோகிறான். என் காலத்துப் பையனுக்கு விஷயம் தெரியாததால் பயம். இன்றைய பையனுக்குப் பொய்யான விஷயம் அளவுக்கு மீறித் தெரிந்ததால் பயம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நம்பிக்கையான ஒரு பெரியவர், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சிரிக்காமல், உண்மையைச் சொல்வது.

ஆகவே அப்பாமார்களிடமும், அப்பா இல்லாத வீடுகளில் தாய்மாமன்களிடமும் சித்தப்பாக்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா மகளுக்குச் சீர் கொண்டுபோகிற கை, அக்கா மகனின் தோளிலும் ஒரு நாள் விழட்டும். பத்து வயசு ஆனதும் தொடங்குங்கள். மாற்றம் வந்த பின் சொல்வதைவிட வருமுன் சொல்வது நல்லது. நீண்ட பேச்சு தேவையில்லை. நடந்து போகும்போதோ, முடிவெட்டிக்கொண்டு திரும்பும்போதோ நாலு வார்த்தை போதும். உன் உடம்பு மாறும். அது நோய் இல்லை. எவனிடமும் இதற்காகக் காசு கொடுக்காதே. அங்கே திடீரென்று வலித்தால் உடனே என்னிடம் சொல். ஆசிரியர்களே, அந்தப் பக்கங்களைத் தள்ளாதீர்கள். நர்ஸ் வரும் அன்று பையன்களையும் வகுப்பில் உட்கார வையுங்கள்.